‘முழுசா பாத்தியா மச்சான்?’

அந்தப் பையன் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, “சார், நான் கெட்டவனா?”

இன்ஜினியரிங் மூன்றாம் வருடம், ஹாஸ்டல்வாசி. (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அக்காவுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. லீவுக்கு வந்தவன் குழந்தையைக் கையில் வாங்கவே இல்லை. தொட்டில் இருக்கும் அறைக்குள் தனியாகப் போவதும் இல்லை. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒரு வாரம் ஓட்டியிருக்கிறான். பையன் கஞ்சா பழகிவிட்டானோ என்று பயந்துபோய்த்தான் அம்மா அவனை மனநல ஆலோசனைக்கு என்னிடம் அழைத்து வந்தார்.

கஞ்சாவெல்லாம் இல்லை. ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஹாஸ்டல் அறையில் ஐந்து பேர், ஒரு லேப்டாப், டெலிகிராமில் இறக்கிய ஒரு படம். பல நாடுகளில் தடை செய்தார்கள் என்பதுதான் அதற்கு விளம்பரமே. நடுவில் எழுந்து போகிறவன் எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். இவன் கடைசிவரை பார்த்தான். படத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேர் இன்றைக்கே தேடுவீர்கள். பச்சைக் குழந்தை சம்பந்தப்பட்ட ஒரு காட்சி அதில் உண்டு, அதுவரை தெரிந்தால் போதும்.

பேய்ப்படமே பார்க்காதே என்று சொல்ல வரவில்லை. நானும் பார்ப்பவன்தான். டென்மார்க்கில் ஒரு பேய்வீட்டுக்கு வந்தவர்களின் இதயத் துடிப்பை அளந்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பயம் ஓரளவுக்கு ஏறும்வரை ரசிப்பும் ஏறுகிறது, அதைத் தாண்டினால் ரசிப்பு இறங்கிவிடுகிறது என்றது அது. மீன்குழம்பில் காரம் மாதிரி.

நான் சொல்வது வேறு ரகம். சித்திரவதை, உடலைச் சிதைப்பது, பாலியல் கொடுமை, இவற்றை நின்று நிதானமாகக் காட்டும் படங்கள். இவற்றில் பயத்தைவிட அருவருப்புதான் அதிகம். பயம் விளக்கைப் போட்டால் பாதி போய்விடும். அருவருப்பு அவ்வளவு லேசில் போகாது.

“சும்மா நடிப்புதானே சார்” என்பார்கள். 1980-ல் இத்தாலியில் ‘கேனிபல் ஹோலோகாஸ்ட்’ வெளியான கொஞ்ச நாளில் அதிகாரிகள் படத்தைப் பறிமுதல் செய்தார்கள். நடிகர்களை இயக்குநர் நிஜமாகவே கொன்றுவிட்டார் என்று சந்தேகம். அவர்கள் உயிரோடு இருப்பதை இயக்குநர் ருகெரோ தியோதாத்தோ நிரூபித்துக் காட்ட வேண்டியிருந்தது. மனிதர்கள் செத்தது நடிப்புதான். ஆனால் அதே படத்துக்காக ஆமை உட்பட சில விலங்குகளை உண்மையாகவே கொன்றார்கள். அதனால் ‘எல்லாம் நடிப்பு’ என்பதும் எப்போதும் சரியில்லை.

சரி, நடிப்பென்றே வைத்துக்கொள்வோம். அது தெரிந்திருந்தாலும் காட்சி மனதில் ஒட்டும் என்பதை வைத்துத்தான் எங்கள் துறையில் ஒரு ஆராய்ச்சி முறையே நடக்கிறது. சம்மதம் தந்தவர்களுக்குக் கோரமான படத்துண்டுகளைப் போட்டுக் காட்டி, அடுத்த ஒரு வாரம் அவை எத்தனை முறை தானாக நினைவுக்கு வந்தன என்று குறித்து வைக்கச் சொல்வார்கள். உளவியலாளர் எமிலி ஹோம்ஸ் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 12 நிமிடப் படத்தைப் பார்த்து அரை மணி நேரம் கழித்து ஒரு பகுதியினருக்கு திரையில் விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை 10 நிமிடம் விளையாடக் கொடுத்தார்கள். விளையாடியவர்களுக்கு அந்த வாரம் காட்சிகள் குறைவாகத் திரும்பி வந்தன. அடுத்து செய்த ஆய்வில், கேள்வி-பதில் விளையாட்டுக்கு அந்தப் பலன் இல்லை. கண்ணுக்கு வேலை தரும் விளையாட்டாக இருக்க வேண்டும் போலிருக்கிறது. ஆகவே தெரியாத்தனமாக எதையாவது பார்த்துவிட்டீர்கள் என்றால், உட்கார்ந்து அந்தக் காட்சியை அலசிப் பேசாமல், செல்போனில் கட்டை அடுக்குங்கள். சிரிக்காதீர்கள், நான் நிஜமாகவே இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன்.

பொதுவாக, சில நாளில் காட்சி தானாக மங்கிவிடும். உடனே ‘எனக்கு பி.டி.எஸ்.டி.’ (கொடுமையான சம்பவத்துக்குப் பின் வரும் மனநோய்) என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். மனநோய்களை வகைப்படுத்தும், 2013-ல் வந்த டி.எஸ்.எம்-5 கையேட்டின்படி, வேலை நிமித்தமாக அல்லாமல் திரையில் பார்த்தது அந்தக் கணக்கில் சேராது. ஆனால் ஏற்கெனவே கொடுமையை அனுபவித்தவர்கள், தூக்கம் கெட்டிருப்பவர்கள், ஓ.சி.டி. (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைச் சோதித்துக்கொண்டே இருக்க வைக்கும் நோய்) உள்ளவர்கள் இந்தப் பந்தயத்துக்கே போகாதீர்கள். ஓடிடி தளங்களிலாவது ‘ஏ’ என்ற குறி இருக்கும், பூட்டு போட வழி இருக்கும். டெலிகிராம் கோப்புக்குப் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

நம் பையனுக்கு மட்டும் ஏன் மங்கவில்லை? அவனே விடவில்லை. குழந்தையைப் பார்த்ததும் காட்சி வந்தது. ‘எனக்கு ஏன் இது வருகிறது, நானும் அப்படிப்பட்டவனோ’ என்று பயந்தான். பயம் தீர, பாத்ரூமுக்குள் போய் அதே காட்சியைப் போனில் மறுபடி ஓட்டிப் பார்த்தான். குமட்டினால் தான் நல்லவன், இதுதான் அவன் வைத்த பரிசோதனை. பதினொரு முறை பார்த்திருக்கிறான். பந்தயம் வைத்த நண்பர்களிடம் சொல்ல வெட்கம், வீட்டில் சொல்லப் பயம்.

“நீ நல்லவன்தான்” என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கு மறுபடி கேட்பான், ஓ.சி.டி.யின் குணம் அது. கோப்பை அழிக்க வைத்தேன். சோதித்துப் பார்ப்பதை நிறுத்தச் சொன்னேன். காட்சி வந்தால் வரட்டும், விரட்டவும் வேண்டாம், வாதாடவும் வேண்டாம். தொட்டில் அறையில் முதலில் ஐந்து நிமிடம். அப்புறம் தொட்டிலை ஆட்டுவது. அம்மாவிடம் தனியாக ஒன்று சொன்னேன்: திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டான். வெளியூரில் இருந்துகொண்டு இதேபோல் தவிப்பவர்கள் 14416-ஐ அழைக்கலாம். டெலிமானஸ், அரசின் மனநல உதவி எண், கட்டணம் இல்லை.

ஆறாவது வாரம் வந்தபோது முந்தின நாள் நடந்ததைச் சொன்னான். அக்கா குழந்தையைக் குளிப்பாட்டி முடித்திருக்கிறாள். இவன் துண்டை விரித்துப் பிடித்து வாங்கியிருக்கிறான்.

“காட்சி வந்துச்சா?” என்றேன்.

“வந்துச்சு சார். ஆனா அதுக்குள்ள பாப்பா துண்டுலயே ஒண்ணுக்குப் போயிட்டா. வேற துண்டு தேடவே நேரம் சரியாப்போச்சு.”