பல்லவிக்கு முன்பே பிடித்திழுக்கும் பாட்டு

மும்பை தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் மாலை ஏழு மணிக்கு நிற்பதற்கு இடம் கிடைக்காது. பின்னாலிருந்து கைவண்டி இடிக்கும், முன்னாலிருந்து ஸ்கூட்டர் வரும். அப்படியும் சென்ற மாதம் ஒரு பலசரக்குக் கடை வாசலில் நான் நின்றுவிட்டேன். உள்ளே ஒரு பழைய பாட்டு தொடங்கியிருந்தது. குரல் இன்னும் வரவில்லை. குழல் இரண்டு சுரம் தொட்டதோ இல்லையோ, 1991 ஜூலை வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு, விடாத மழை, வாசற்படியைத் தாண்டிவிட்ட தண்ணீர். அக்கா டேப்ரிக்கார்டரைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறாள். கடைக்கார அண்ணாச்சி, "என்ன வேண்டும் தம்பி?" என்று இரண்டாம் முறை கேட்ட பிறகே நான் திரும்பி வந்தேன்.

இந்த வேகத்தை அளந்திருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், ஒருவருக்கு நன்கு பழகிய பாட்டின் துணுக்குகளையும் அவர் கேட்டறியாத பாட்டின் துணுக்குகளையும் கலந்து ஒலிக்கவிட்டு, கண்பாவை விரிவதையும் மூளையின் மின்னலைகளையும் பதிவு செய்தார்கள். 2019-இல் முடிவு வெளிவந்தது. ஒலி தொடங்கிய 0.1 முதல் 0.3 நொடிக்குள் பழகிய பாட்டுக்கு உடல் வேறு விதமாக அசைந்துகொடுத்துவிட்டது. அவ்வளவு சிறிய துணுக்கில் மெட்டு உருவாக நேரமில்லை. அந்தக் குழலும், அந்த ஒலிப்பதிவுக்கூடத்தின் எதிரொலியும், அந்தக் காலத்துப் பதிவின் இரைச்சலும் சேர்ந்த ஒலியின் நிறம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

கண்டுகொண்ட பிறகு மூளை சும்மா இருப்பதில்லை, பாட்டுக்கு முன்னே ஓடத் தொடங்குகிறது. 2005-இல் டார்ட்மத் கல்லூரியில் பாட்டுகளின் நடுவே சில நொடிகளை மௌனமாக்கிவிட்டு, கேட்பவர்களின் மூளையைப் படம்பிடித்தார்கள். தெரியாத பாட்டைவிடத் தெரிந்த பாட்டின் மௌனத்தில், ஒலியை உணரும் மூளைப்பகுதியான செவிப்புலப் புறணி கூடுதலாக இயங்கியது. காதுக்கு வராத ஒலியை மூளை தானே இட்டு நிரப்பிக்கொண்டிருந்தது.

எனக்கு மிகவும் நெருக்கமான ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரே இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்கு, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடைப்பட்ட மௌனத்தில் என்ன நடக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அசைவைத் திட்டமிடும் பகுதி உட்பட மூளையின் முன்பக்கம் அந்த மௌனத்தில் விழித்துக்கொண்டது. வரப்போகும் பாட்டு அங்கே ஏற்கெனவே ஒலிக்கத் தொடங்கியிருந்தது.

இதைப் படித்தபோது எங்கள் வீட்டுக் கேசட் நினைவுக்கு வந்தது. பாட்டுப் பதிந்து தரும் கடைக்கு அக்கா ஒரு தாளில் வரிசை போட்டு எழுதிக் கொடுப்பாள். 60 நிமிட நாடா, பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. வெவ்வேறு படங்கள், வெவ்வேறு ஆண்டுகள். அவற்றைக் கோத்தது அவள் கை. இன்றும் எங்காவது மூன்றாவது பாட்டு முடிந்தால் என் தலைக்குள் நான்காவது தொடங்கிவிடும். அந்த வரிசை உலகத்தில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

இனிமையும் இந்த எதிர்பார்ப்பில்தான் பிறக்கிறது. மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2011-இல், மயிர்க்கூச்செறிய வைக்கும் இசையை அவரவரே கொண்டுவரச் செய்து மூளையை ஆராய்ந்தார்கள். உச்சத்துக்குச் சில நொடிகள் முன்பு, காத்திருக்கும்போதே, காடேட் என்ற பகுதியில், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்தது. உச்சம் வந்ததும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற இன்னொரு பகுதியில் சுரந்தது. பசித்தவனுக்குச் சோறு தரும் நிறைவும் இந்தப் பாதையில்தான் நடக்கிறது. தெரிந்த பாட்டு அலுத்துப்போகாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்: அடுத்து என்ன என்று தெரிந்திருப்பதே காத்திருப்பைக் கூர்மையாக்குகிறது.

ஆனால் பழகிய பாட்டுகள் ஆயிரம் இருக்க, ஒன்று மட்டும் நடுத்தெருவில் நிறுத்துவதேன்? விடை, அதைக் கேட்ட வயதில் இருக்கிறது. முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால் ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான காலம் மேடுபோல் உயர்ந்து நிற்கிறது. பாட்டுக்கு அந்த மேட்டின் உச்சி பதின்பருவத்திலேயே வந்துவிடுகிறது. நான் யார் என்ற கேள்விக்கு மனம் விடை எழுதிக்கொண்டிருக்கும் வயது அது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பீட்டர் ஜனட்டா, 13 மாணவர்களுக்கு அவர்களுடைய 8 முதல் 18 வயது வரையிலான காலத்தில் பரவலாக ஒலித்த பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். சொந்த நினைவைக் கிளறிய பாட்டுக்கு, நெற்றிக்குப் பின்னால் முன்மூளைப் புறணியின் உட்பகுதி வலுவாக இயங்கியது. நம்மைப் பற்றி நாமே நினைக்கும்போது வேலை செய்யும் பகுதியும் அதுதான். அல்சைமர் நோயில் அது மற்ற பல பகுதிகளைவிடத் தாமதமாகச் சிதைகிறது. பிள்ளையின் பெயரை மறந்த பாட்டி சரணம் தவறாமல் பாடுவதற்கு இது உதவக்கூடும் என்கிறார் ஜனட்டா.

ஊரைவிட்டு வந்தவர்களுக்கு இந்த இழுப்பு இன்னும் கூடுதல் என்பது என் எண்ணம். பள்ளியில் இந்தி, தெருவில் மராத்தி, தமிழ் மட்டும் வீட்டுக்குள். அந்தக் கேசட்தான் எங்களுக்குத் திருநெல்வேலி. வீட்டு ஏக்கத்துக்கு 1688-இல் பெயரிட்ட மருத்துவர் யோகான்னஸ் ஹோஃபர் அதை ஒரு நோய் என்றே எழுதினார். சுவிஸ் மாடு மேய்ப்பவர்களின் ஒரு மெட்டை, அயல்நாட்டில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்களிடையே தடை செய்திருந்ததாக 1768-இல் தத்துவ அறிஞர் ரூசோ பதிவு செய்கிறார். அதைக் கேட்டால் அழுவார்கள், படையைவிட்டு ஓடுவார்களாம். அந்த மெட்டில் அப்படி எந்த வலிமையும் இல்லை, அயலாரை அது அசைப்பதில்லை என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். அங்கே இசை இசையாக வேலை செய்யவில்லை, நினைவின் அடையாளமாக வேலை செய்தது. ஸ்கேன் கருவிக்கு இரண்டு நூற்றாண்டு முன்பே அவர் சரியாகப் பிடித்துவிட்டார். அந்தக் காலப் பாட்டுக்கு ஈடில்லை என்று சண்டையிடும் என் நண்பர்களிடம் இதை நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அவர்கள் உடனே, 2003-இல் பிறந்த தங்கள் பிள்ளைகளும் 1980-களின் பாட்டில் உருகுவதைக் காட்டுவார்கள். அதையும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2013-இல் கண்டிருக்கிறார்கள். இருபது வயதுக்காரர்களுக்குத் தங்கள் காலத்துப் பாட்டோடு, பெற்றோரின் இளமைக்காலப் பாட்டுகளும் தனி மேடாக எழுந்தன. அம்மா சமைத்துக்கொண்டே கேட்டது பிள்ளையின் நினைவாகிவிடுகிறது.

அண்ணாச்சியின் கடையில் அன்று பாட்டை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தேன். கடைசிச் சரணத்தைக் கைப்பேசியில் பதிந்து, இப்போது ஊரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். இரவு பதில் வந்தது. இந்தப் பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்து வரவேண்டிய பாட்டின் முதல் வரியை எழுதியிருந்தாள்.