ஓடுகிற ரத்தம் படத்தில் காணாமல் போவது எப்படி?

வாசகர் ஒருவர் 74 வயதான தன் தந்தையின் மூளை எம்.ஆர்.ஐ. படத்தை அனுப்பியிருந்தார். ஊசி மருந்து ஏற்றாமலே எடுத்த ரத்த ஓட்டப் படம். காதோரமாக மண்புழு நெளிவதுபோல் வெள்ளைக் கோடுகள். ‘கட்டியா?’ என்று பதறிக் கேட்டிருந்தார். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த வகைப் படங்களில் அப்படித் தெரிவது பல நேரம் இன்னும் வழியில் இருக்கிற ரத்தம்தான்.

1992இல் அமெரிக்காவில் ஜான் டெட்ரே, ஆலன் கொரெட்ஸ்கி முதலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய முறை இது. கழுத்து வழியே ஏறும் ரத்தத்தின் நீரில் உள்ள புரோட்டான்களை (ஹைட்ரஜன் அணுக்கருக்களை) ரேடியோ அலையால் தலைகீழாகத் திருப்புகிறார்கள். அதுதான் ரத்தத்துக்கு இடும் குறி. ரத்தம் மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் காத்திருந்து ஒரு படம்; திருப்பாமல் இன்னொரு படம். இரண்டையும் கழித்தால் புதிதாக வந்த ரத்தம் மட்டும் மிஞ்சும். வித்தியாசம் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். அதனால் திரும்பத் திரும்ப எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள்.

நிறையக் காத்திருந்தால் என்ன? 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) கருவியில் அந்தக் குறி சுமார் 1.65 விநாடியிலேயே தேய்ந்து, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சியிருக்கும். சீக்கிரம் எடுத்தாலோ, தந்துகிக்குள், அதாவது திசுவிலுள்ள மயிரிழை போன்ற ரத்தக் குழாய்க்குள், இன்னும் நுழையாத ரத்தம் தமனியிலேயே பளிச்சென்று தெரியும்.

தமனியை மட்டும் மறைக்க ஒரு தந்திரம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கன்னியாகுமரி முதல் சென்னை வரை ஆளுக்கொரு கைக்கடிகாரம். வடக்கே போகப் போகக் கடிகாரம் வேகமாக ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எல்லாம் தலைகீழ்: வடக்கே மெதுவாக, தெற்கே வேகமாக. வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவருக்குக் கூடியதும் குறைந்ததும் சரிக்குச் சரி. ரயிலில் வடக்கே போனவருக்குக் கணக்கு நேராகாது. கடிகாரம்தான் புரோட்டானின் சுழற்சி. வடக்கு தெற்கு வித்தியாசம்தான், கருவி இடத்துக்கு இடம் கூட்டிக் குறைத்து, பிறகு தலைகீழாக்கும் காந்தப்புலத்தின் சரிவு.

ரயிலில் போகும் எல்லோரும் ஒரே வேகம் என்றால் எல்லாக் கடிகாரமும் ஒரே அளவு பிசகியிருக்கும், சமிக்ஞை அழியாது. தமனிக்குள் அப்படியில்லை. ஆற்றைப்போல நடுவில் விரைவு, சுவரோரம் மந்தம். முட்கள் ஆளுக்கொரு திசை காட்ட, கூட்டிப் பார்த்தால் ஒன்றையொன்று தின்று பூஜ்யம். மூளையின் நடுத் தமனியில் ரத்தம் 10 மில்லி விநாடியில் அரை சென்டிமீட்டர் ஓடிவிடுகிறது. தந்துகியிலோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். ஆகவே தந்துகியின் சமிக்ஞை தப்பிக்கிறது, தமனி மறைகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் காந்தப் படுக்கை வாங்கப் போய்விடாதீர்கள். ‘ரத்த ஓட்டத்தைச் சீராக்கும்’ என்று விற்கிறார்களே, அதுதான். 3 டெஸ்லா காந்தத்துக்குள் அரை மணி நேரம் படுத்தாலும் ரத்தம் தன் போக்கில்தான் ஓடுகிறது. படுக்கையில் தைத்த காந்தமா அதை மாற்றிவிடும்?

தமனியை மறைப்பதா வேண்டாமா என்பதில் ஒரு சுவையான திருப்பம் உண்டு. 2015இல் அச்சான நிபுணர் பரிந்துரை, பொதுவான மருத்துவப் பயன்பாட்டில் இந்த மறைப்பு வேண்டாம் என்றது. காரணம், தமனி அடைத்து, ரத்தம் சுற்றுவழியில் தாமதமாக வருகிறது என்பதை அந்த வெள்ளைப் புழுக்களே காட்டிக்கொடுக்கும். அதே பரிந்துரை, பெரியவர்களான நோயாளிகளுக்குக் காத்திருப்பு நேரம் 2000 மில்லி விநாடி என்றும் சொல்கிறது.

வாசகர் அனுப்பிய படத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில், 1500 என்று இருந்தது. அந்த எண்ணை மருத்துவரிடம் காட்டிக் கேட்கும்படி எழுதியிருக்கிறேன்.