லாப்டாப்பில் மைனிங்: லாபம் யாருக்கு?

"சும்மா கிடக்குற லாப்டாப்தானேண்ணா, ராத்திரியில மைனிங் ஓடவிட்டா மாசம் ஐநூறு ஆயிரமாவது வராதா?"

கோவையில் லாப்டாப் சர்வீஸ் செய்யும் எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. பிட்காயின் விலை ஏறியதாகச் செய்தி வந்தால் போதும், கடைக்கு வரும் கல்லூரிப் பசங்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். வராது தம்பி என்று சொன்னால் நம்புவதில்லை. யூடியூபில் எவரோ காட்டிய வாலட் பேலன்ஸ், என் பேச்சைவிட அவர்களுக்குப் பெரிது. அதனால் கால்குலேட்டரை எடுத்து எதிரிலேயே கணக்குப் போட்டுக் காட்டுவேன்.

பிட்காயினில் தொடங்கலாம். மைனிங் என்று பெரிதாகச் சொன்னாலும், உங்கள் கணினி செய்வது ஒரே வேலைதான். ஒரு எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு, எஸ்ஹெச்ஏ-256 என்ற சூத்திரத்தில் வரும் விடை கேட்ட அளவுக்குக் கீழே விழுகிறதா என்று பார்க்கிறது. இதற்கு வேகம் மட்டும் போதும். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிமாற்றக் கணக்குகளின் ஒரு தொகுப்பு) கிடைக்கும், கண்டுபிடித்தவருக்குக் காயின். 2009-ல் ஒரு பிளாக்குக்கு 50 பிட்காயின். சுமார் நான்கு வருடத்துக்கு ஒருமுறை அது பாதியாகிக்கொண்டே வந்து, 2024 ஏப்ரலில் இருந்து 3.125. ஆட்கள் கூடினாலும் காயின் அதிகமாகாது. 2,016 பிளாக்குக்கு ஒருமுறை நெட்வொர்க் தானாகவே கணக்கைக் கடினமாக்கிவிடும்.

ஆரம்ப நாட்களில் சாதாரண கணினியிலேயே காயின் எடுத்தார்கள் என்பது உண்மைதான். 2013 வாக்கில் இதற்கென்றே செய்த ஏசிக் மெஷின்கள் வந்ததும் அந்தக் கதை முடிந்தது. இன்று ஓடும் ஆன்ட்மைனர் எஸ்21 என்ற மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 200 டெராஹாஷ், அதாவது 200 லட்சம் கோடி முயற்சிகள். 3,500 வாட் கரன்ட். உங்கள் லாப்டாப் பிராசசர் முக்கி முனகி 20 மெகாஹாஷ் (இரண்டு கோடி முயற்சி) கொடுக்கிறது என்று வைப்போம். அந்த ஒரு மெஷினுக்கு ஈடுகொடுக்க ஒரு கோடி லாப்டாப் வேண்டும். 2024-லேயே மொத்த நெட்வொர்க்கின் வேகம் 600 எக்ஸாஹாஷை (60 கோடி டெராஹாஷ்) தாண்டிவிட்டது. அதாவது அப்படிப்பட்ட மெஷின்கள் முப்பது லட்சம். ஒரு வருடத்தில் புதிதாக வருவது சுமார் 1.64 லட்சம் பிட்காயின். அதில் உங்கள் பங்கைக் கணக்கிட்டால் அரை சடோஷி, அதாவது ஒரு பிட்காயினைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் வரும் துண்டில் பாதி. ஒரு பிட்காயின் ஒரு கோடி ரூபாய் என்று வைத்தாலும் அதன் மதிப்பு 5 பைசா. மாதத்துக்கு அல்ல, வருடம் முழுக்க இரவு பகலாக ஓட்டினால்!

"அப்ப அந்த வீடியோல காட்டுனது பொய்யா?" என்பார்கள். எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். நைஸ்ஹாஷ் போன்ற மென்பொருட்கள் உங்கள் கணினியில் வேறு காயின்களுக்கான வேலையை வாங்கிக்கொண்டு, கூலியைப் பிட்காயினில் தருகின்றன. திரையில் பிட்காயின் ஏறுவதால் பிட்காயின் மைனிங் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 2021-ல் எடுத்த வீடியோவாக இருந்தால், பெரும்பாலும் கேமிங் லாப்டாப்பின் கிராபிக்ஸ் கார்டில் எத்தீரியம் ஓடியிருக்கும். அன்றைக்கு அதில் கொஞ்சம் காசு வந்தது நிஜம். கடைகளில் கார்டே கிடைக்காத காலம் அது. ஆனால் 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டு, காயினைப் பிணையாக வைக்கும் ஸ்டேக்கிங் முறைக்குப் போய்விட்டது. அந்தக் கதவு மூடியாயிற்று, வீடியோ மட்டும் இன்னும் சுற்றுகிறது.

சாதாரண பிராசசருக்கு மிச்சம் இருப்பது மோனேரோ. ஏசிக் மெஷின்களை ஒதுக்கிவைப்பதற்காகவே 2019 நவம்பரில் ரேண்டம்எக்ஸ் என்ற முறைக்கு மாறிய காயின் இது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிளாக், பிளாக்குக்கு 0.6 காயின், ஆக ஒரு நாளுக்கு 432. ஓரளவு நல்ல லாப்டாப் விநாடிக்கு 2,000 ஹாஷ் தரும். நெட்வொர்க்கின் வேகம் 400 கோடி ஹாஷ், ஒரு மோனேரோ 20,000 ரூபாய் என்று வைத்துக் கணக்கிட்டால் ஒரு நாள் வரவு நாலு ரூபாய் முப்பது காசு. காயின் விலை இரட்டித்தாலும் ஒன்பது ரூபாயைத் தாண்டாது.

இனி செலவு. பிராசசர் முழு வேகத்தில் ஓடும் லாப்டாப் 60 வாட் இழுத்தால் 24 மணி நேரத்துக்கு 1.44 யூனிட். ஈபி பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் 86 யூனிட் கூடுதல். முதல் 100 யூனிட் இலவசம்தானே என்று சொல்லாதீர்கள். அதை உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜும் ஃபேனும் ஏற்கெனவே தின்று முடித்திருக்கும். இந்த 86 யூனிட் உங்கள் கணக்கின் உச்சியில் போய் உட்காரும். 500-ஐத் தாண்டும் வீடாக இருந்தால் அந்த இடத்தில் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல். போதாக்குறைக்கு, 500-க்குள் இருப்பவர்களுக்கான சலுகை விலையும் கைவிட்டுப் போகும். நாளுக்குப் பன்னிரண்டு ரூபாய் கொடுத்து நாலு ரூபாய் வாங்குவதற்கு லாப்டாப் எதற்கு?

"ஹாஸ்டல்ல கரன்ட் ஃப்ரீண்ணா." இந்தப் பதில்தான் எனக்குக் கவலை. வார்டன் கண்ணில் படுவது ஒருபுறம் இருக்கட்டும். கரன்ட் இலவசமானாலும் லாப்டாப் இலவசமில்லையே.

டெஸ்க்டாப்பில் சூட்டை இழுத்து வெளியேற்றும் கையளவு ஹீட்சிங்கும் பெரிய ஃபேனும் இருக்கும். லாப்டாப்பில் இருப்பது ஒரு சப்பையான செம்புக் குழாய், விரல் தடிமனில் ஃபேன். ஏற்றி இறக்கி வேலை வாங்குவதற்காகச் செய்த பொருள் அது. மைனிங்கில் இறக்கமே கிடையாது. 90 டிகிரியைத் தாண்டியதும் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் திரையில் பார்த்த ஹாஷ் எண் சற்று நேரத்தில் படுத்துவிடுவது இதனால்தான். எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை உண்டு. மில், பனியன் கம்பெனி பக்கத்தில் குடியிருப்பவர்கள் லாப்டாப்பைக் கழற்றினால், ஹீட்சிங்க் வாயில் பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருக்கும். காற்று போக வழியே இருக்காது.

முதலில் போவது ஃபேனின் பேரிங். கொர கொர என்று சத்தம் வரும். அடுத்து, பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகும். சத்தமே இல்லாமல் கெடுவது பேட்டரி. சார்ஜரைக் கழற்றாமல் நூறு சதவீதத்திலேயே, அதுவும் சூட்டிலேயே வைத்திருந்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் உப்பும். "டச்பேட் கிளிக் ஆகலை, கொஞ்சம் தூக்கிட்டு நிக்குது" என்று கொண்டுவருவார்கள். திறந்தால் கீழே பேட்டரி அப்பளம் போல உப்பியிருக்கும். அப்படி இருந்தால் அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், தீப்பிடிக்கக்கூடிய பொருள். பேட்டரி, ஃபேன் இரண்டையும் மாற்ற நாலாயிரம் ஐயாயிரம் ஆகிவிடும். மதர்போர்டு போனால் அதன் விலையைக் கேட்டுவிட்டு லாப்டாப்பை என்னிடமே விட்டுப்போகிறவர்களும் உண்டு. நாலு ரூபாய் வீதம் அந்த ஐயாயிரத்தைச் சேர்க்க மூன்று வருடத்துக்கு மேல் ஓட்ட வேண்டும்.

வந்த காயினை ரூபாயாக்குவதும் சுலபமில்லை. பைனான்ஸ் (Binance) என்ற பெரிய கிரிப்டோ சந்தை 2024 பிப்ரவரியில் மோனேரோவைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. மைனிங்குக்கு ஆன செலவைக் கழிக்க முடியாது என்று 2022 மார்ச்சில் மக்களவையிலேயே அரசு சொல்லிவிட்டது. டெலிகிராமில் கிடைத்த முன்பின் தெரியாத ஆளிடம் காயினைக் கொடுத்துப் பணத்தை அக்கவுண்டில் வாங்கினால், அது யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருந்து உங்கள் அக்கவுண்ட் முடக்கப்படலாம்.

ஆனாலும் லாப்டாப் மைனிங்கில் சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். கரன்ட் பில்லும் கட்டாமல், லாப்டாப்பும் வாங்காமல், அடுத்தவர் லாப்டாப்பில் ஓட்டுபவர்கள்.

2021 ஜூனில் அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் கிராக்கோனோஷ் என்ற மால்வேரைப் பற்றி எழுதியது. ஜிடிஏ 5, ஃபார் க்ரை 5 மாதிரியான கேம்களின் கிராக் (திருட்டு) பதிப்புகளுக்குள் ஒளிந்து வந்தது. சேஃப் மோடில் ரீஸ்டார்ட் ஆகும்படி செய்து, விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அழித்து, விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிட்டு, பிறகு மோனேரோ மைனிங் செய்யும். எல்லாம் நலம் என்று காட்ட ஒரு போலிப் பச்சை டிக் வேறு. 2018-லிருந்து 2,22,000-க்கும் மேற்பட்ட கணினிகள். 20 லட்சம் டாலருக்கு மேல் வரவு. அதை வகுத்துப் பாருங்கள். ஒரு கணினிக்கு 9 டாலர், அன்றைய மதிப்பில் எழுநூறு ரூபாய்கூட இல்லை, அதுவும் மூன்று வருடத்துக்கு. எல்லாவற்றையும் ஓசியில் எடுத்த திருடனுக்கே தலைக்கு அவ்வளவுதான் தேறியது. ஒற்றை லாப்டாப்பை வைத்துக்கொண்டு, சொந்தக் காசில் நீங்கள் என்ன எடுத்துவிடப் போகிறீர்கள்?

இணையதளத்தைத் திறந்தாலே மைனிங் ஓடும்படி செய்த காயின்ஹைவ் என்ற நிரலும் இருந்தது. 2018-ல் ஆந்திராவின் சில நகராட்சித் தளங்களிலேயே அது ஒட்டிக்கொண்டிருந்தது தெரியவந்தது. 2019 மார்ச்சில் காயின்ஹைவை மூடிவிட்டார்கள். கிராக் சாஃப்ட்வேர் வழி மட்டும் அடைபடவே இல்லை. புராஜெக்ட்டுக்கு ஆட்டோகேட் வேண்டும், ஃபோட்டோஷாப் வேண்டும் என்று டவுன்லோடு செய்வார்கள். கூடவே வரும் குறிப்பில் 'ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்' என்றிருக்கும். வீட்டுக் கதவைத் திறந்துவைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வரும் விருந்தாளி! ஹீட் ஆகிறது என்று என்னிடம் வரும் லாப்டாப்பில் தூசும் இல்லை, பேஸ்ட்டும் நன்றாக இருக்கிறது என்றால் நான் அடுத்து சந்தேகப்படுவது இதைத்தான்.

உங்கள் லாப்டாப்பில் இப்படி மைனிங் ஒளிந்து ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். எந்த புரோகிராமும் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். ஃபேன் அலறுகிறதா? இப்போது டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். திறந்ததும் சத்தம் அடங்கி, மூடினால் மறுபடி ஏறினால், ஏறக்குறைய உறுதி. தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒதுங்கிக்கொள்ளும் மைனிங் நிரல்கள் நிறைய உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் (சோதிக்காமல் விட்டுவிடச் சொன்ன ஃபைல்களின் பட்டியல்) பகுதியையும் பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டரோ, சி டிரைவ் முழுவதுமோ அங்கே இருந்தால், யாரோ சேர்த்திருக்கிறார்கள். விண்டோஸ் அப்டேட் திறக்கவே மறுத்தால் அதுவும் கெட்ட அறிகுறி.

கண்டுபிடித்தபின் அந்த ஒரு ஃபைலை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், ஷெட்யூல் செய்துவைத்த இன்னொன்று அதைத் திரும்பக் கொண்டுவரும். போட்டோ, டாக்குமென்ட்களை மட்டும் வெளியே எடுத்து, இன்ஸ்டாலர் ஃபைல்கள் எதையும் எடுக்காமல், டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுங்கள். மைனிங் நிரலோடு சேர்ந்து பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரலும் வந்திருக்கலாம். பாஸ்வேர்டுகளை அந்த லாப்டாப்பிலிருந்து மாற்றாமல் போனிலிருந்து மாற்றுங்கள். முதலில் ஜிமெயில், அடுத்து பேங்க்.