சி.எஸ்.ஆர். ரசீது கையில் இருந்தால் கேஸ் பதிவாகிவிட்டதா?

போன வருஷம் என் அண்ணனின் பைக் வீட்டு வாசலிலிருந்தே திருடு போனது. விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தார். மனுவை வாங்கிக்கொண்ட ரைட்டர் ஒரு தாளைக் கொடுத்தார். அதில் சி.எஸ்.ஆர். எண் இருந்தது, முத்திரை இருந்தது, கையெழுத்தும் இருந்தது. கேஸ் போட்டாயிற்று என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். இன்சூரன்ஸுக்கு அந்தத் தாளைக் கொண்டுபோனபோதுதான் "இது எஃப்.ஐ.ஆர். இல்லைங்க, மனு ரசீது" என்றார்கள். அதற்குள் ஐம்பது நாள் ஓடிவிட்டது.

அண்ணனைப் போல் ஏமாந்தவர்களை அதன்பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

சி.எஸ்.ஆர். என்பது கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர், அதாவது தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் வரும் மனுக்களைக் குறித்துவைக்கும் பதிவேடு. அதிலிருந்து தரும் ரசீது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இன்ன தேதியில் இன்னாரிடமிருந்து இன்ன விஷயமாக மனு வந்தது. புலன் விசாரணை தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இந்தப் பதிவேட்டின் பெயரே வராது. அந்தச் சட்டம் பேசுவது முதல் தகவல் அறிக்கையை, அதாவது எஃப்.ஐ.ஆரைப் பற்றி.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. எஃப்.ஐ.ஆர். தாளில் மு.த.அ. எண் அல்லது குற்ற எண் இருக்கும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும். நீங்கள் கொடுத்த புகாரின் வாசகமும் இருக்கும். பிரிவே குறிப்பிடாமல் வெறும் வரிசை எண்ணும் ஆண்டும் மட்டும் இருந்தால் உங்கள் கையில் இருப்பது மனு ரசீதுதான்.

மனு ரசீது பயனற்றது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்த்தகராறு, வேலி எல்லை, குடும்பச் சச்சரவு போன்றவற்றில் இருவரையும் கூப்பிட்டு விசாரிக்க அது போதும். ஆர்.சி. புக்கோ மார்க் ஷீட்டோ தொலைந்துபோனால் அதற்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே தனிச் சேவை இருக்கிறது. ஸ்டேஷன் படி ஏற வேண்டியதில்லை.

பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் கதை வேறு. திருட்டு, வழிப்பறி, கொடுங்காயம், பாலியல் வன்முறை, பெரிய மோசடி எல்லாம் அந்த வகை. (திருட்டில் ஒரு விலக்கு: பறிபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழ் என்றால் புதிய சட்டத்தில் அது இந்த வகைக்குள் வராது.) இப்படிப்பட்ட குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. வக்கீல்கள் அதை லலிதா குமாரி தீர்ப்பு என்பார்கள். தகவல் உண்மையா பொய்யா என்பதைப் பதிந்த பிறகு விசாரித்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். கணவன் மனைவி தகராறு, வணிகக் கொடுக்கல் வாங்கல், மருத்துவ அலட்சியம், ஊழல், காரணம் சொல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் தாமதித்த புகார் போன்ற சிலவற்றில் மட்டும் முன்விசாரணைக்கு இடம் கொடுத்தது.

புதிய சட்டத்தின் 173-ஆம் பிரிவு இதில் இன்னொரு வாசலைத் திறந்திருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன்அனுமதியோடு முதற்கட்ட விசாரணை நடத்தலாம். ஆனால் அதை 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். "விசாரிச்சுட்டு இருக்கோம், அப்புறம் வாங்க" என்று இரண்டு மாதம் இழுக்க இந்தப் பிரிவில் இடமில்லை. அப்படிச் சொன்னால், டி.எஸ்.பி. அனுமதி எந்தத் தேதியில் வாங்கப்பட்டது என்று பணிவாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள்.

அதே பிரிவில் நமக்குச் சாதகமானவையும் உண்டு. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "அது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பதிந்துவிட்டு உரிய நிலையத்துக்கு அவர்கள்தான் மாற்ற வேண்டும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்லலாம். அதை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவது நிலையத்தின் கடமை. மின்னணு முறையில் புகார் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தர வேண்டும். பேப்பர் வாங்கி வா, ஜெராக்ஸ் போட்டு வா என்று கேட்க முடியாது.

பெண்கள் மீதான பாலியல் குற்றம், அமில வீச்சு போன்றவற்றில் புகாரைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கே தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் இரண்டு ஆண்டு கடுங்காவல் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைப் புகாரில் எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு தெளிவாகவே சொல்கிறது. இவற்றுக்கெல்லாம் மனு ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.

மனு ரசீதில் எனக்கு மிகவும் கவலை தரும் இடம் அதை முடித்துவைக்கும் விதம். ஒருநாள் இரண்டு தரப்பையும் கூப்பிடுவார்கள். பேச்சு நடக்கும். கடைசியில் "மேல்நடவடிக்கை தேவையில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். சோர்ந்துபோனவர்கள், குறிப்பாகத் தனியாக வந்த பெண்கள், கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதோடு மனு முடிந்தது. பிறகு நீதிமன்றம் போனால் எதிர்த்தரப்பு முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். சமாதானத்தில் உங்களுக்கு மனமில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. போட்டே ஆக வேண்டிய நெருக்கடி என்றால் "எனக்கு உடன்பாடில்லை, வழக்குப் பதிய வேண்டும்" என்ற வரியை உங்கள் கையாலேயே எழுதி அதன் கீழ் போடுங்கள்.

நிலையத்தில் மறுத்தால் அடுத்த படி எஸ்.பி., மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகம். புகாரின் சாரத்தை எழுதி, சி.எஸ்.ஆர். எண்ணையும் குறிப்பிட்டு, தபாலில் அனுப்ப வேண்டும். 173(4) சொல்லும் வழி அது. பல மாவட்டங்களில் புதன்கிழமைதோறும் எஸ்.பி. நேரில் மனு வாங்குகிறார். அங்கே போய்க் கொடுத்தாலும் தபாலிலும் ஒன்று அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அண்ணன் விஷயத்தில் இந்தப் படியிலேயே வழி பிறந்தது. எஸ்.பி. அலுவலகத்துக்கு மனு போன பத்தாவது நாள் எஃப்.ஐ.ஆர். பதிவானது. ஆனால் திருட்டு நடந்த தேதிக்கும் பதிந்த தேதிக்கும் இடையே ஏன் இத்தனை நாள் என்று இன்சூரன்ஸ் கேள்வி எழுப்பியது. அப்போது கைகொடுத்தது அந்தப் பழைய சி.எஸ்.ஆர். ரசீதுதான். முதல் நாளே புகார் கொடுத்ததற்கு வேறு சான்று எங்களிடம் இருக்கவில்லை. ஆகவே அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

எஸ்.பி.யிடமும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவின்படி மனுவோடு உறுதிமொழிப் பத்திரமும் வைக்க வேண்டும். நிலையத்துக்கும் எஸ்.பி.க்கும் கொடுத்ததற்கான சான்றுகளையும் இணைக்க வேண்டும். போலீஸ் தரப்பு சொல்வதையும் பார்த்துவிட்டு மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடலாம். இந்தப் படிகளை ஏறாமல் நேராக உயர் நீதிமன்றம் போனால், பெரும்பாலும் இங்கேயே திருப்பி அனுப்புவார்கள். பணமும் நாளும்தான் போகும்.

எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகும் 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ போலீஸ் தெரிவிக்க வேண்டும். அதே சட்டத்தின் 193-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. தகவல் வரவில்லை என்றால் கேளுங்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். தொலைபேசி எண் 15100.