ஜீரோ காட்டினால் எல்லாம் சரி என்று அர்த்தமா?

கழிவுநீர்த் தொட்டி, பாய்லர், ஆலைகளின் சுத்திகரிப்புத் தொட்டி என்று மூடிய இடங்களில் ஆள் இறங்கும் முன் காற்றைச் சோதிக்கும் நான்கு வாயு டிடெக்டர்களைச் சர்வீஸ் செய்வது என் வேலை. வரும் புகாரில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "ஆக்சிஜன் 19 காட்டுது சார், சும்மா சும்மா கத்துது."

மற்ற மூன்று சென்சாரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆக்சிஜன் சென்சார் சாகும்போது, நல்ல காற்றில் காட்ட வேண்டிய 20.9 சதவீதம் என்ற எண் இறங்கி, 19.5க்குக் கீழே போனதும் அலாரம் அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரிவாயு (மீத்தேன் போல் தீப்பற்றும் வாயு) சென்சார்கள் அப்படி இல்லை. நல்ல காற்றில் ஜீரோ. செத்துப்போனாலும் பெரும்பாலும் அதே ஜீரோ. எரிவாயு சென்சாருக்குச் சிலிகோன் ஸ்பிரே பரம எதிரி. டிடெக்டர் பளபளக்க வேண்டும் என்று அதை அடித்துத் துடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே வாயுவை உணரும் வினையூக்கி மணியில் அது படிந்துவிட்டால், மீத்தேன் வந்தாலும் கருவி அசையாது.

"நாத்தமே வரலையே" என்று மூக்கை நம்பவும் முடியாது. ஹைட்ரஜன் சல்பைடு சுமார் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) தொட்டால் மோப்ப உணர்வே மரத்துவிடும்.

சரி, சென்சார் மாற்றும் விஷயத்துக்கு வருவோம். பல ஆக்சிஜன் சென்சார்களுக்குள் இருப்பது ஈயம். அது கரைந்துகொண்டே இருப்பதால் ஆயுள் சுமார் இரண்டு ஆண்டு, பெட்டியில் சும்மா கிடந்தாலும் குறையும். மலிவாகக் கிடைக்கிறதென்று நான்கைந்து வாங்கி அடுக்காதீர்கள். தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குங்கள். நச்சு வாயு சென்சார்களின் பின்களைச் சேர்த்து ஒரு சின்னக் கம்பியோ ஸ்பிரிங்கோ இருந்தால், பொருத்தும் முன் எடுத்துவிட வேண்டும். வெள்ளைச் சவ்வில் விரல் படக்கூடாது. அப்புறம் சென்சார் நிலைப்பட, கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும்.

"புது சென்சார்தானே, கேலிப்ரேஷன் எதுக்கு?" என்று கேட்பார்கள். அளவு தெரிந்த வாயுவைக் காட்டிக் கருவியின் எண்ணைத் திருத்துவதுதான் கேலிப்ரேஷன். ஒரே வாயுவுக்கு இரண்டு சென்சார் ஒரே அளவு மின்னோட்டம் தருவதில்லை. கருவியின் நினைவிலோ பழைய சென்சாரின் கணக்குதான் இருக்கிறது. முதலில் சுத்தமான காற்றில் ஜீரோ வைக்க வேண்டும். இதைச் சுத்திகரிப்பு நிலைய ஷெட்டுக்குள்ளேயே செய்து முடிப்பது மிக மோசமான பழக்கம். அங்கே 5 பிபிஎம் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால், கருவி அதைத்தான் ஜீரோ என்று எடுத்துக்கொள்ளும்; அதற்குப் பிறகு எங்கே வைத்தாலும் 5 குறைத்தே காட்டும்.

அடுத்தது, கருவிக்குக் காட்ட அளவு தெரிந்த வாயுக்களைச் சேர்த்து சிலிண்டரில் அடைத்த கலவை வாயு. வழக்கமாக ஹைட்ரஜன் சல்பைடு 25 பிபிஎம், கார்பன் மோனாக்சைடு 100 பிபிஎம், மீத்தேன் 2.5%, ஆக்சிஜன் 18%, மீதி நைட்ரஜன். பம்ப் இல்லாத கருவிகளுக்குப் பெரும்பாலும் நிமிடத்துக்கு அரை லிட்டர் வேகம். சிலிண்டர் காலாவதியாகியிருந்தாலோ சாதாரண ரப்பர் குழாயில் விட்டாலோ ஹைட்ரஜன் சல்பைடு வழியிலேயே குறைந்துபோய், நல்ல சென்சாரும் பலவீனமாகத் தெரியும்.

பாதுகாப்புச் சாதனம் தராமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி குற்றம். சட்டைப்பையில் ஒரு டிடெக்டர் இருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது.

ஆக்சிஜன் சென்சாரை மட்டும் மாற்றிக் கருவியைத் திருப்பித் தருகிற சர்வீஸ்காரர்கள் உண்டு. அதனால் கேலிப்ரேஷன் சான்றிதழ் கையில் வந்ததும், நான்கு வாயுவுக்கும் திருத்தத்துக்கு முந்தைய அளவு, பிந்தைய அளவு இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய அளவுக் கட்டம் காலியாக இருந்தால் கேளுங்கள். வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கலவை வாயுவைக் காட்டி, நான்கு அலாரமும் அடிக்கிறதா என்று பார்த்த பிறகே தொட்டியின் மூடியைத் திறங்கள்.