இருள் துலக்கல்

இரணைமடுக் குளக்கட்டில் பொழுது படும் நேரம் எடுத்த என் அம்மம்மாவின் ஒளிப்படமொன்று இருக்கின்றது. பின்னால் நீரும் வானமும் தகதகக்க, அவர் முகம் மட்டும் இருண்டு கிடக்கின்றது. வன்னியில் இதனை 'வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தது, முகம் கறுத்துப் போச்சு' என்பார்கள். எழுத்தில் 'பின்னொளிப் படம்' என்பது பொருந்தும். 'எதிரொளி' என்றால் பட்டுத் திரும்பும் ஒளி என்று பொருள் மாறிவிடும்.

இத்தகைய படத்தைத் திருத்தும் மென்பொருளில் 'ஷேடோஸ்' என்றொரு ஸ்லைடர், அதாவது இடமும் வலமும் இழுத்து அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவி, உண்டு. அதனைப் பலர் 'நிழல்கள்' என்று பெயர்க்கின்றார்கள். அம்மம்மாவின் முகத்தில் எவருடைய நிழலும் விழவில்லையே! 'ஷேடோ' என்ற ஆங்கிலச் சொல், இருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ஸ்கோடோஸ்' என்பதற்கு உறவானது. ஆகவே படத்தின் கருமையான பகுதி அனைத்தையும் அப்பெயரால் அழைப்பது பிலிம் காலத்திலேயே ஆங்கிலம் பேசுவோருக்கு இயல்பாயிற்று. தமிழ் 'நிழல்' வேறு திசையில் வளர்ந்த சொல். மரத்தடிக் குளிர்ச்சி, காப்பு, நீரிலும் கண்ணாடியிலும் தெரியும் உருவம் என்பவற்றோடு ஒளி என்ற பொருளும் அதற்கு உண்டு. 'நிழற்படம்' என்பதில் இருப்பதும் உருவம் என்ற பொருளே. பங்குனி வெயிலில் பாலை மரத்தடியில் ஒதுங்கும் உழவரிடம் நிழலைக் குறையென்று சொல்ல முடியாது. எனவே அப்பகுதியை 'இருட்பகுதி' என்பதே என் துணிபு.

செயலுக்கும் பெயர் வேண்டும். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் முன்பு 'ஃபில் லைட்' என்றிருந்ததன் இடத்தில், 2012இல் வந்த 4ஆம் பதிப்பில் 'ஷேடோஸ்' வந்தது. பழைய பெயரை 'நிரப்பொளி' எனலாம். ஆயினும் அது ஸ்டூடியோவில் முகத்தின் இருண்ட பக்கத்துக்கு வைக்கும் இரண்டாம் விளக்குக்கே உரியது. மென்பொருள் புதிதாக ஒளி எதனையும் ஊற்றுவதில்லை. முழுக் கருமையான 0 முதல் முழு வெண்மையான 255 வரையான அளவில் வானம் 240இலும் கன்னம் 20இலும் நின்றால், சுற்றியுள்ள பிக்சல்களையும் (படத்தின் நுண்புள்ளிகளையும்) பார்த்து, கன்னத்தின் மதிப்புகளை மட்டும் உயர்த்தி, வானத்தைப் பெரும்பாலும் இருந்தபடி விடுகின்றது. 2003இல் போட்டோஷொப் சிஎஸ் பதிப்பிலும் 2018இல் கிம்ப் என்ற இன்னொரு மென்பொருளின் 2.10 பதிப்பிலும் சேர்ந்த வசதிகள் செய்வதும் இதுவே. பதிவாகியும் கண்ணுக்குப் புலப்படாதிருப்பதை வெளிக்கொணரும் இவ்வேலைக்கு, 'துப்புத் துலக்குதல்' என்பதில் நாம் நாளும் ஆளும் 'துலக்கல்' அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைகின்றது. விளக்கைத் தேய்த்து ஒளிரச்செய்வதும் துலக்கலே. ஆகவே, 'இருள் துலக்கல்'.

அம்மம்மாவின் படத்தில் ஸ்லைடரை மெல்ல வலப்பக்கம் இழுத்தபோது முதலில் தோடு தெரிந்தது, பிறகு கன்னச் சுருக்கங்கள், பிறகு மணல் தூவியதுபோல் நிறப்புள்ளிகள். மங்கிய பதிவை உயர்த்துகையில் அதனோடு கலந்திருந்த பிசிறும் சேர்ந்தே உயர்ந்துவிடுகின்றது. கொண்டையின் அடிப்பகுதி 0 என்றே பதிவாகியிருந்தபடியால் அங்கே எதுவும் துலங்கவில்லை. மேலும் இழுத்தபோது அது சாம்பல் நிறமாக வெளிறியது. தோடும் சுருக்கங்களும் தெரிந்த அளவில் நிறுத்திக்கொண்டேன்.