பழகின உடம்புக்குத்தான் தண்ணீர் கூட வேணும்

“எங்களுக்கு இது பழகின வெயில் டொக்டர், தண்ணி பெரிசாத் தேவைப்படாது.” சித்திரை பிறந்தால் போதும், கையில் சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போதே இந்த வசனம் வரும். சொல்பவர் அநேகமாகத் திடகாத்திரமான ஒரு சிறுபோகக்காரர், இல்லாவிட்டால் மேசன். தயவுசெய்து இந்தக் கணக்கை இனியாவது விடுங்கள்.

வெயிலில் நாளாந்தம் வேலை செய்தால் 7 முதல் 14 நாட்களுக்குள் உடம்பு பழகும், அது உண்மை. முதல் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். பிறகு வியர்வை முந்தித் தொடங்கும், அளவிலும் கூடும். கடும் வேலையில் பழகாதவருக்கு மணிக்கு 1 லீற்றர் போகும் இடத்தில் பழகினவருக்கு 2 லீற்றர் வரைகூடப் போகலாம். குறைவது வியர்வையிலுள்ள உப்பின் செறிவு மட்டுமே. உப்பைச் சிக்கனம் பிடிக்கும் உடம்பு தண்ணீரைத் தாராளமாகச் செலவழிக்கும். அந்தச் செலவால்தான் உங்களுக்குத் தலை சுற்றாமல் இருக்கிறது. அப்படியானால் யாருக்குத் தண்ணீர் கூட வேணும்?

நம்பாதவர்கள் நெல் மூட்டை நிறுக்கும் தராசில் வேலைக்கு முன்னும் பின்னும் ஏறிப் பாருங்கள். குறையும் ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லீற்றர்.

“சட்டையே நனையேல்ல” என்பதும் சாட்டல்ல. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வியர்வை கண்ணில் படுமுன் காய்ந்துவிடும். முதுகில் வெள்ளைக் கோடாக உப்புப் படிந்திருக்கும், அதைப் பாருங்கள். தாகத்தை நம்பியிருக்கவும் வேண்டாம், அது பிந்தித்தான் வரும்.

15–20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடியுங்கள். மணிக்கு ஒன்றரை லீற்றரைத் தாண்ட வேண்டாம். காலையில் உப்புப் போட்ட கஞ்சி, பத்து மணிக்கு மோர். நாள் முழுக்க வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றினால் தசை பிடிக்கும். ஜீவனி (உடம்பில் நீரும் உப்பும் ஈடுசெய்யும் தூள்) கரைப்பதென்றால் பொதியில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள், கண்மட்டத்தில் வேண்டாம். இதய, சிறுநீரக நோயாளரும் நீர் போகும் குளிசை எடுப்பவர்களும் தங்கள் அளவைக் கிளினிக்கில் கேளுங்கள். இரவில் உடம்பு நோகுதென்று டைக்ளோபெனக் விழுங்குவதை நிறுத்துங்கள். வறண்ட உடம்பில் அது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை இன்னும் குறைக்கும். காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கம் ஏற்கெனவே போதுமளவு இருக்கிறது.

இன்னொன்று, பழக்கம் நிலைக்காது. ஒரு கிழமை வெயில் படாமல் இருந்தாலே இறங்கத் தொடங்கும், மூன்று நான்கு கிழமையில் பெரும்பாலும் போய்விடும். காய்ச்சலில் கிடந்து எழும்பியவரும் கொழும்பில் ஏசிக்குள் இருந்து வந்தவரும் புது ஆட்கள்தான். கொந்தராத்துக்காரர்களே, புதியவருக்கு முதல்நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை கொடுத்து, நாளுக்கு அதேயளவு கூட்டுங்கள். முன்பு பழகித் திரும்பி வந்தவருக்குப் பாதியில் தொடங்கலாம். நட்டம் வராது.

வேலைத்தலத்தில் ஒருவர் உளறினால், தடுமாறி விழுந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். “வியர்க்குதுதானே, ஹீட் ஸ்ட்ரோக் இல்லை” என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்; வேலை செய்து விழுபவருக்கு வியர்த்துக்கொண்டும் இருக்கலாம். பனடோல் இதற்கு வேலை செய்யாது, மயங்கியவர் வாயில் தண்ணீரும் ஊற்றக்கூடாது. நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க வாளி வாளியாக ஊற்றி விசிறுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.